கறுப்புக் கட்டம் போட்ட நாலு பக்கம்

அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதி நேர்ந்ததே போதும். அவர் பெயரை மறைத்துவிட்டு மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதுவது நன்றாயிருக்காது என்பதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தியாகராய நகரில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். காலையில் அவர் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நானும் ஒரு மைக்கூடும்தான். கதை எழுதுவேன். மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஆபீஸ் வைத்திருந்த ஒரு வாரப் பத்திரிகை என் கதைகளை அவ்வப்போது போட்டது. பெரும்பாலும் மாமியார் மருமகள் கதைகள். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. தொழிலாளி, உழைப்பு, நியாயம் என்று யாராவது எழுதினால் அதைப் பற்றித்தான் நாலு பேர் பேசினார்கள். எனக்கும் அப்படி ஒன்று எழுதிப் பேர் வாங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை என்பதைவிட வயிற்றெரிச்சல் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பக்கத்து மனையில் அப்போது ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்து முன்னுக்கு வந்த ஒருவர், அதே மனையின் பின்பக்கத்து ஓட்டு வீட்டில் குடும்பத்தோடு இருந்துகொண்டு கட்டினார். சிமெண்டு பர்மிட் கிடைக்காத காலம். வேலை நாலு நாள் நடக்கும், பத்து நாள் நிற்கும். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுவரை ஒட்டிக் கட்டிய சாரம் தெரியும். சவுக்குக் கம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கயிற்றால் கட்டி, மேலே பலகை போட்டு, அதில்தான் ஆட்கள் ஏறி நின்று வேலை செய்வார்கள்.

அங்கே சுண்ணாம்பு குழைத்து மேலே ஏற்றும் ஆளாக அவர் இருந்தார். வட ஆற்காடு ஜில்லாவில் மழை பொய்த்துப்போன ஒரு கிராமம். நிலத்தில் ஒன்றும் இல்லையென்று பட்டணம் வந்துவிட்டார். மனைவி ஊரில். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடி மாசம் போவார். நடுவில் யாராவது அந்தப் பக்கம் போனால் வாய்மொழியாகச் சேதி சொல்லி அனுப்புவார். மத்தியானம் தண்ணீர் கேட்டு எங்கள் கொல்லைப்புறம் வருவார். கையைக் குவித்துக்கொண்டு நிற்பார், நான் செம்பை உயரத் தூக்கி ஊற்றுவேன். குடித்து முடித்ததும் நான் கேள்வி கேட்பேன். ஊரில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுவீர்கள், எங்கே தூங்குகிறீர்கள். கேட்டதையெல்லாம் உள்ளே போய் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேரில் நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். கதையில் ‘அவர்’ என்று எழுதினேன். கதையில் தண்ணீர் கேட்டு வரும் தொழிலாளிக்குச் செம்பைத் தூக்கி ஊற்றும் ஒரு வீட்டுக்காரியும் வருகிறாள். அவள் பொல்லாதவள். அவளைப் பற்றிக் காரசாரமாக இரண்டு பத்தி எழுதினேன். அது நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

கதை பதினோரு வாரம் வந்தது. ஊர், தொழில், கன்னத்து மச்சம், பெயர் எல்லாம் அவருடையதே. பெயரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது, “வச்சிக்கோம்மா, எம் பேருல இன்னா கீது” என்று சிரித்தார். கதையில் அவர் வேலை செய்யும் இடத்தில் சாரத்துக் கயிறு நைந்து போயிருக்கிறது. போன மழைக்கு முன்னால் வாங்கிய கயிறு. எல்லா ஆட்களுக்காகவும் அவர் ஒருவர் முன்னால் போய் நின்று புதுக்கயிறு கேட்கிறார். மேஸ்திரி திட்டுகிறான், முதலாளி சிரிக்கிறார். கடைசி வாரம் கயிறு அறுந்து அவர் விழுந்து இறக்கிறார். அவர் மனைவி கிராமத்தில் தாலியைக் கழற்றுகிறாள். பட்டணத்தில் ஆயிரம் தொழிலாளர்கள் அவர் உடலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

கயிறு மட்டும் நான் கற்பனை செய்ததில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் சாரத்தின் மூன்றாவது கட்டு புரி பிரிந்து தொங்குவது தெரியும். அந்தக் கயிற்றையே அரைப்பக்கம் வர்ணித்திருந்தேன். பத்திரிகாசிரியர் அதைப் படித்துவிட்டு, “கயிறு பேசறது அம்மா! நம்ம எழுத்தாளர்கள் யாரும் இப்படிக் கண்ணால பாத்து எழுதறதில்லை” என்றார். நான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

முடிவைப் படித்துப் பத்திரிகை ஆபீஸே அழுததாம். கடைசி அத்தியாயத்தைச் சுற்றி விரல் பருமனுக்குக் கறுப்புக் கட்டம் போடலாம் என்பது ஆசிரியருடைய யோசனை. “இது ஒரு மனுஷனோட சாவு இல்லை, நியாயத்தோட சாவு. அதுக்கு மரியாதை பண்ணணும்” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாலு பக்கமும் கறுப்பு ஓரத்தோடு வந்தது. மயிலாப்பூரில் ஒரு சபாவில் அந்தக் கதையைப் பற்றிக் கூட்டம்கூடப் போட்டார்கள். ஒருவர் எழுந்து, “இந்தக் கதாநாயகனை மனிதன் என்று சொல்லாதீர்கள், சமூக நீதியே இரண்டு கால் முளைத்து நம் தெருவுக்கு வந்திருக்கிறது” என்று மேஜையைத் தட்டினார். நான் முதல் வரிசையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீடு கட்டுகிறவரின் மனைவியும் என்னோடு வந்திருந்தாள். “பாவங்க அந்த மனுசன்! ஒரு கயிறு மாத்தக் கூடாதா?” என்று மூக்கைச் சிந்தினாள். அந்த அம்மாளுக்கும் தன் வீட்டுக் கயிறு என்று தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் தண்ணீருக்கு வந்தபோது, “உன் கதை முடிஞ்சுடுத்து. ஊரெல்லாம் உன்னைப் பத்திதான் பேச்சு” என்றேன். முடிவு என்ன என்று சொல்லவில்லை. எதிரே நிற்கிற மனிதரிடம் நீ செத்துப்போய்விட்டாய் என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது.

“எம் பேரு போட்டுகீதா?” என்று கேட்டார்.

எங்கள் வீடுகளில் அப்போதெல்லாம் தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்தெடுத்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வோம். ஆபீஸிலிருந்து எனக்கு இரண்டு பிரதி வரும். ஒரு பிரதியின் கடைசி நாலு பக்கத்தை ஏற்கனவே கிழித்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து அவர் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துத் தெரியாது. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இத்த ஊருக்கு அனுப்பலாமாம்மா? எம் பொஞ்சாதி பாத்தா சந்தோசப்படுவா” என்றார்.

அனுப்பலாமே என்றேன். நானே ஒரு பழைய உறையில் அந்த நாலு பக்கத்தையும் மடித்துப் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல விலாசத்தையும் நானே என் கையால் எழுதினேன். அனுப்புகிறவர் பெயர் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. தபால் பெட்டியில் போட்டது அவர். அந்தச் சமயத்தில் என் மூளை எங்கே போயிருந்தது என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாசம் ஊருக்குப் போனார். பதினைந்து நாள் இருந்துவிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஆறாவது நாள் கொல்லைக் கதவைத் தட்டினார். காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் உலை வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் அவரோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள். முப்பது வயசு இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்து மொட்டையாக இருந்தது. அவருடைய விதவைத் தங்கை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“இவதாம்மா எம் பொஞ்சாதி” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளையும் பார்க்கிறேன், அந்தக் கழுத்தையும் பார்க்கிறேன். புருஷன் பக்கத்தில் நிற்கிறான், இவள் இப்படி நிற்கிறாள். 

அவர்தான் சொன்னார். தபால் ஊருக்குப் போயிருக்கிறது. அந்த ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் மணியக்காரர் ஒருவர்தான். அவர் உறையைப் பிரித்தார். சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்ட அச்சுத்தாள். உள்ளே ஊர்ப் பெயர், ஆள் பெயர், சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்ற செய்தி. அந்த ஊருக்கு அச்சடித்து வரும் தாள் இரண்டே விதம்தான். மஞ்சள் தடவி வந்தால் கல்யாணப் பத்திரிகை. கறுப்பு ஓரம் போட்டு வந்தால் சாவுப் பத்திரிகை. நான் எழுதும் வாரப் பத்திரிகை என்ற மூன்றாவது ஜாதியை அவர்கள் கண்ணால் கண்டதே கிடையாது. மனைவி தாலியைக் கழற்றுவதாக எழுதியிருந்ததை, அப்படிச் செய்யச் சொல்லி வந்த சேதியாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ‘முற்றும்’ என்று வேறு போட்டிருந்தது. மணியக்காரர் அதை வாய்விட்டுப் படித்ததும் ஊரே ஓவென்று அழுதிருக்கிறது.

சாவுப் பத்திரிகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. படித்ததும் கிழித்து வெளியே எறிந்துவிட்டுத் தலை முழுக வேண்டும். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். அவர்களும் அப்படியே செய்தார்கள். உடல் பட்டணத்தில் ஊர்வலமாகப் போய்விட்டதாக நான் எழுதியிருந்ததால் யாரும் அதைத் தேடி வரவில்லை. பதினாறாம் நாள் கருமாதி. பங்காளிகள் நடுவில் உட்கார வைத்து அவள் தாலியைக் கழற்றினார்கள்.

அந்தக் காட்சியை நான் எழுதியிருந்தேன். அழுகை வரும்படி எழுத வேண்டும் என்று இரண்டு நாள் திருப்பித் திருப்பி எழுதி, எழுதியதை நானே படித்து அழுது, திருப்தியாக மடித்து அனுப்பியிருந்தேன். இப்போது அது என் கொல்லையில் வந்து நின்றது.  கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆள் உயிரோடு வந்து நின்றதும் ஊருக்குச் சந்தோஷம் வந்திருக்கத்தானே வேண்டும்? அரை நாள் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவர் கேட்டார், அந்தப் பத்திரிகையை அனுப்பியது யார் என்று. இவர் ஒளிக்கத் தெரியாத மனிதர். “நாந்தான் அனுப்பினேன்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். தன் சாவுப் பத்திரிகையைத் தானே அச்சடித்துப் பெண்டாட்டிக்கு அனுப்புகிறவன் எதற்காக அனுப்புவான்? பட்டணத்தில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டுவிட்டான், இவளைத் தலைமுழுகப் பார்த்தான் என்று பேச்சாகிவிட்டது. கதை, புஸ்தகம், அம்மா எழுதினாங்க என்று இவர் சொன்னது எதுவும் எடுபடவில்லை. எடுத்துக்காட்டத் தாளும் இல்லை. மனைவியே அவரை வீட்டுக்குள் விடவில்லை. அந்த அம்மாவை நான் நேரில் பார்த்துக் கேட்கிறேன், அவள் வாயால் சொல்லட்டும், பிறகு நீ என் புருஷனா இல்லையா என்று பார்க்கலாம் என்று சொல்லி ரயிலேறி வந்திருக்கிறாள்.

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உள்ளே வா, உக்காரு” என்றேன். வரவில்லை. துளசி மாடத்துப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். அவர் தள்ளிப் போய் வேலியோரம் நின்றுகொண்டார். பத்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திய மனிதர், தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு வேறு யாரும் சாட்சி இல்லை. நான் ஒருத்திதான்.

“அத்த எளுதனது நீதானாம்மா?” என்று கேட்டாள்.

“நான்தான்.”

“இவரு சொல்லி எளுதினியா?”

“இல்லை. அவருக்கு ஒண்ணும் தெரியாது. செத்துப்போறதா எழுதினதே அவருக்குத் தெரியாது. நானா எழுதினது. விலாசமும் நான்தான் எழுதினேன்.” உள்ளே ஓடிப்போய் மிச்சமிருந்த பிரதியைக் கொண்டுவந்து காட்டினேன். சோப்பு விளம்பரம், சிரிப்புத் துணுக்கு, நடுவில் அந்தக் கறுப்புக் கட்டம். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆனால் முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் புரட்டிக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். வந்த நேரத்திலிருந்து அவரைப் பார்த்தது அப்போதுதான்.

“அப்ப இது பொய்யி?”

“பொய்யில்லை, கதை” என்றேன். சொன்னவுடனே எனக்கே வெட்கமாகிவிட்டது.

“உசுரோட கீற ஆம்பளைய இன்னாத்துக்கும்மா சாவடிச்சே?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாததைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். நான் மேடையில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தேன். ஏழைகளுக்கு நியாயம் கிடைக்கணும், அதைப் படிக்கிறவா மனசுல தைக்கணும், கயிறு நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சும் மாத்தாத கல்நெஞ்சக்காராளுக்கு உறைக்கணும். என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது.

“எந்தக் கவுறு?” என்றாள்.

கையை நீட்டி வேலிக்கு அந்தப்பக்கம் காட்டினேன். அவள் எழுந்து நின்று பார்த்தாள். சாரம் இன்னும் அப்படியே இருந்தது. மூன்றாவது கட்டு புரி பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பேர் நின்று பூசிக்கொண்டிருந்தார்கள்.

“இவரு ஏர்ற சாரமா அது?”

“ஆமாம்.”

“நைஞ்சி போயிகீதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். தினமும் பார்க்கறேனே.”

“ஊருக்கெல்லாம் எளுதினியே, அந்த மேஸ்திரி கையில சொன்னியா?”

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.  பதினோரு வாரம். வேலியில் ஒரு திட்டிவாசல் இருந்தது. கறிவேப்பிலை வாங்கவும் கொடுக்கவும் தினம் நான் நுழைந்து போகிற வாசல். அந்த வீட்டு அம்மாளோடு ஒன்றாக ரிக்ஷாவில் போய்க் கூட்டத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த மேஸ்திரி என்னைப் பார்த்தால் தலைத்துண்டை அவிழ்ப்பான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிறு அறுந்தால் கதை என்ன ஆகும் என்று யோசித்தேனே தவிர, அறுந்தால் அவர் என்ன ஆவார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. 

“சொல்லலை” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. இது எந்த மாதிரிப் பிறவி என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திட்டிவாசல் வழியாக நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். வழக்கமாக நின்று குறிப்பெடுக்கும் அதே ஜன்னல்.

சாரத்துக்குக் கீழே போய் நின்று, மேலே இருந்த இரண்டு ஆட்களையும் பார்த்து, “எறங்குங்கய்யா கீள!” என்று கத்தினாள். மேஸ்திரி வந்தான். “யாரு நீ? இன்னா சவுண்டு வுட்ற?” என்றான்.

“இவரு பொஞ்சாதி. இங்க விளுந்து செத்துட்டாருன்னு சேதி வந்து தாலி அறுத்துக்கினவ. நல்லாப் பாத்துக்கோ என் களுத்த. இன்னிக்குச் சாயங்காலம் இவரு கையால திரும்பக் கட்டிக்கப் போறேன். ரெண்டாந்தபா என்னால அறுக்க முடியாது. கவுத்த மாத்து.”

மேஸ்திரி அந்தக் கழுத்தைப் பார்த்தான். பிறகு மூன்றாவது கட்டைப் பார்த்தான். சாமான் கொட்டகைக்குள் போனான். மேலே இருந்த இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுருள் வந்தது. அது அத்தனை நாளும் அங்கேயேதான் கிடந்திருக்கிறது. பழைய கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

அவள் வருவதற்கு முன் அடுப்பில் நான் வைத்த உலை அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்தது.